வாய் திறந்தவர் செய்ய வேணும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைச் சபையில் சொல்ல எனக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. ஏறுகிற மேடைகளில் எல்லாம் முதல் வசனமாக அதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு முன்வரிசையில் இருக்கிற பட்டதாரிகளின் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பேன். வட்டுக்கோட்டையிலிருந்து அளவெட்டி வரைக்கும் இன்று நிமிர்ந்து நிற்கிற மதில்களைக் கேட்டால் என் பெயரைச் சொல்லும். சீமெந்தும் மணலும் குழைத்து, அச்சில் போட்டுக் கல் அரிகிற தொழிலை ஒற்றை அச்சோடு தொடங்கினேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அச்சும் இல்லை, கொட்டிலும் இல்லை. கிணற்றுக்கட்டுக்கூட இடிந்து கிடந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். போகிறவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகட்டும் என்று இங்கேயே நின்றுபிடித்தேன். இன்றைக்கு என் முற்றத்தில் மெஷின் கல் அடிக்கிறது, லொறிகள் ஓடுகின்றன. யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தவை இவை.

முன்பு இதையெல்லாம் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். இப்போது சொல்லி முடித்ததும் கதிரையைத் தேடுகிறேன். வயதுதான் காரணம் என்று மகள் சொல்கிறாள். வயது மட்டும் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட விஷயத்தில் போன வருடம் பட்ட களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அதை எழுதி வைத்தால் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

நான் படித்த காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. மேலே படிக்க வட்டுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். போவதற்குச் சைக்கிள் இல்லை, மாற்றிப் போட இரண்டாவது சேட்டும் இல்லை. எனவே நின்றுவிட்டேன். என்னோடு நின்றவர்கள் பலர். பின்னாளில் கையில் நாலு காசு சேர்ந்ததும், கல்வி அதிகாரிகளின் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அதைப் பதினோராம் வகுப்பு வரை உயர்த்தியவன் நான். தனியே செய்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் நான் ஏறாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. மண்டபத்தின் சுவர் என் கல், தண்ணீர்த் தாங்கியின் அடித்தளம் என் கல், வாசல் தூண் என் கல். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு நெடுங்காலமாக நான்தான் செயலாளர். கூட்டக் குறிப்பை மகள் எழுதித் தருவாள், கையெழுத்தை நான் வைப்பேன்.

சங்கத்தோடு சேர்த்து என் முற்றத்து வழக்கம் ஒன்றையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருந்தேன். அதை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

தொழில் தொடங்கிய காலத்தில் தேத்தண்ணி நேரம் வந்தால் வேலையாட்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு யோசனை வரும். மணலை அந்தப் பக்கம் கொட்டியிருக்கலாம் என்பான் ஒருவன். கல்லை இந்தப் பக்கம் அடுக்கியிருக்கலாம் என்பான் மற்றவன். பேச்சு நீளும், குழைத்த சீமெந்து இறுகும். ஒருநாள் ஒருவன், பச்சைக் கல்லுக்கு மேலே நிழல் போட்டால் வெடிக்காது என்றான். நல்ல யோசனைதான். "அப்ப நீயே போடு. ஓலைக் கிடுகு வாங்கிறதும் நீ, கட்டுறதும் நீ, காத்துக்குப் பறந்தா ஏறிச் சரிபண்ணுறதும் நீ" என்றேன். அவன் போட்டான். அன்றிலிருந்து முற்றத்தில் அதுவே சட்டம். வாய் திறந்தவர் செய்ய வேணும். வெட்டிப்பேச்சு ஒரே கிழமையில் நின்றது. என் தொழில் வளர்ந்ததற்கு அந்த ஒரு சட்டம் பாதிக் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பள்ளிக்கூடத்திலும் அதையே வைத்தேன். முந்திய அதிபர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கூட்டம் கெதியாக முடிந்துவிடும் அல்லவா? விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் ஒருமுறை, தண்ணீர்த் தாங்கி பாசி பிடித்துக் கிடக்கிறது, கழுவ வேண்டும் என்றார். கழுவும் பொறுப்பு அவருக்கே போனது. வருடக்கணக்காக அவர்தான் கழுவினார். பிள்ளைகள் அவரைத் தண்ணித்தாங்கி சேர் என்றே கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால் அல்ல, முன்னாலேயே. அளவெட்டியிலிருந்து வருகிற சங்கீத ரீச்சர், பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் வெயிலில் காய்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு விழாவுக்கும் பந்தல்காரனைப் பிடிப்பது, கம்பு நடுவிப்பது, திருப்பி அனுப்புவது எல்லாம் அவருடைய வேலையாயிற்று. மற்றவர்கள் இந்த இரண்டு பேரையும் பார்த்தார்கள். பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதற்கு மறுபேச்சு வரவில்லை. முதல் பாடம் எல்லா வகுப்புக்கும் கணக்காக இருக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னேன். காலையில்தான் தலை தெளிவாக இருக்கும். ஐந்தாம் வகுப்பை விட்டு வந்தபோது நான் கையோடு கொண்டு வந்தது கணக்கு ஒன்றைத்தான், அதை வைத்துத்தான் பிழைத்தேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அப்படியே பாடங்களின் நேரசூசி போட்டார்கள்.

போன வருடம் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. மேல் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இப்படியே போனால் அந்த வகுப்புகளைப் பெரிய கல்லூரியோடு சேர்த்துவிட்டு, இங்கே ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் வைத்திருப்போம் என்றார்கள். பள்ளிக்கூடம் என்ன நினைக்கிறது, தொடர்ந்து நடத்துவதானால் எப்படி நடத்தப் போகிறது என்று பள்ளித் தவணை முடிவதற்குள் சொல்லும்படி அதிபரிடம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் வகுப்பு. நான் விட்ட அதே இடம். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிபர் அம்மா அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். உடுவில் பக்கத்து ஆள், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். குரலை உயர்த்தாமல் கதைப்பார். அடுத்த நாள் காலையில் அவருடைய கந்தோருக்குப் போனேன். அங்கே மணிக்கூட்டுக்கு எதிரே ஒரு கதிரை இருக்கிறது. நான் வந்தால் உட்காருவதற்கென்று அதை யாரும் அசைப்பதில்லை.

"அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் போய்க் கதைக்கிறன். உந்தக் கந்தோரிலை எனக்குத் தெரியாத படி இல்லை" என்றேன்.

"போகலாம் முதலாளி. அதுக்கு முதல் ரீச்சர்மாரைக் கேக்க வேணும்."

"அவையைக் கேட்டா மூடச் சொல்லுவினம். பாதிப்பேர் தூர இடத்து ஆக்கள். மேல் வகுப்புப் போனா அவைக்கு வீட்டுக்குப் பக்கத்திலை மாற்றம் கிடைக்கும். சும்மா கிடக்கிறதைக் கேட்டு வாங்கப் போறியளோ?"

"ஓம், அப்பிடிச் சொல்லவும் கூடும். எண்டாலும் கேக்கத்தான் வேணும். நடத்துறது எண்டு முடிவெடுத்தா நாளைக்கு வகுப்புக்குள்ளை போய் நிக்கப் போறது அவை. நீங்களும் நானும் இல்லை."

"என்ரை முத்தத்திலை நான் ஒருத்தரையும் கேட்டுக் கல் அரியிறேல்லை."

"கல்லுத் திருப்பிக் கதைக்காது முதலாளி" என்றார். சிரிக்கவும் இல்லை.

கூட்டம் கூடியது. மண்டபத்தில் ஆசிரியர்கள் எல்லாரும் வட்டமாக இருந்தார்கள். அதிபர் அம்மா விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மூடினால் என்ன நடக்கும், வைத்திருந்தால் யாருக்கு எவ்வளவு பாடங்கள் கூடும், எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்.

"சேர், நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"நிர்வாகம் எடுக்கிற முடிவுக்குக் கட்டுப்படுறம் அம்மா."

"ரீச்சர், நீங்கள்?"

"நானும் அப்பிடித்தான் அம்மா."

வட்டம் முழுக்க அதே பதில் சுற்றி வந்தது. தண்ணித்தாங்கி சேர் கூரையைப் பார்த்தார். கணக்கு ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார், அவருக்குப் பின்னேரப் பஸ் கவலை. மற்றவர்கள் ஓரத்து மேசையில் மூடி வைத்திருந்த வடைத் தட்டைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளூர நிம்மதி. கேட்டாயிற்று, ஒருவரும் மூடச் சொல்லவில்லை, இனி நான் போய்ப் பேசலாம். வடை தின்று, தேத்தண்ணி குடித்து, கூட்டம் கலைந்தது.

நானும் அதிபர் அம்மாவும் கந்தோருக்கு வந்தோம். அவர் யன்னலடியில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் மோட்டார்சைக்கிள் விடுகிற தகரக் கொட்டில் தெரியும். ஆசிரியர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். ஹெல்மெட் கையில், ஒருவரும் புறப்படவில்லை. மண்டபத்தில் வாய் திறக்காத அத்தனை பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். ஒருவர் வண்டியின் சீற்றில் அடித்து ஏதோ மறுத்தார். பஸ்ஸுக்கு அவசரப்பட்ட கணக்கு ரீச்சர்கூட நடுவில் நின்றார்.

"முதலாளி, இஞ்சை வந்து பாருங்கோ" என்றார் அதிபர் அம்மா. "உதுதான் கூட்டம். நாங்கள் சற்று முந்தி வைச்சது வடைக்கு."

அந்த நேரம் பார்த்துச் சங்கீத ரீச்சர், விட்டுவிட்டுப் போன குடையை எடுக்க உள்ளே வந்தார். ஓய்வுபெறுகிற வயது, வாய்க்குப் பயம் கிடையாது.

"ரீச்சர், ஏன் ஒருத்தரும் அங்கை வாய் திறக்கேல்லை?" என்று அதிபர் அம்மா கேட்டார்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். "அதை முதலாளியிட்டைக் கேளுங்கோ. வாய் திறந்தா என்ன கிடைக்கும் எண்டு அவருக்குத்தான் வடிவாத் தெரியும். எனக்குப் பந்தல் கிடைச்சது. அவருக்குத் தாங்கி கிடைச்சது. இப்பப் பள்ளிக்கூடத்தை வைச்சிருப்பம் எண்டு ஆரும் சொன்னா, அவரின்ரை தலையிலை பள்ளிக்கூடத்தையே தூக்கி வைப்பியள். பேந்து ஆர் சொல்லுவினம்?"

"மூடுவம் எண்டு சொல்லலாந்தானே?" என்று நான் கேட்டேன்.

"அதைச் சொன்னவர் ஊருக்குள்ளாலை பிறகு பஸ் ஏறிப் போக வேண்டாமோ?" என்றார். "நான் இன்னும் கொஞ்ச நாளிலை போற ஆள். போற காலத்திலை இன்னொரு பந்தல் போட என்னாலை ஏலாது." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிபர் அம்மா என் எதிரே வந்து இருந்தார். அந்தச் சட்டத்தை இந்தப் பள்ளிக்கூடத்தில் எடுத்துவிட வேண்டும் என்றார். தான் எடுத்தால் போதாது, போட்டவர் வாயால் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சட்டத்தால் எத்தனை வேலைகள் நடந்திருக்கின்றன தெரியுமா என்று கேட்டேன். தாங்கி சுத்தமாக இல்லையா? பந்தல் இல்லாமல் விழா நடந்ததா? அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார். படித்த ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். சண்டைக்கு வராதவரோடு என்ன செய்வது?

நேரே முற்றத்துக்கு வந்தேன். மெஷினை நிறுத்தச் சொன்னேன். வேலையாட்கள் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கல் காயப்போடுகிற இடத்தை வடக்குப் பக்கம் மாற்றலாமா என்று சில காலமாக எனக்கு ஒரு யோசனை இருந்தது.

"காயப்போடுற இடத்தை மாத்துவமோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

ஒருவன் காலால் மணலைத் தள்ளினான்.

"சொன்னவர்தான் செய்ய வேணும் எண்டு இல்லை. சும்மா சொல்லுங்கோ."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்னிடம் ஆக நீண்டகாலம் வேலை செய்கிற மேசன் தொண்டையைச் செருமினார். "ஏன் முதலாளி, ஆரும் ஏதும் எங்களைப் பற்றிச் சொன்னவையோ?" என்று கேட்டார்.

மெஷினைப் போடச் சொல்லிவிட்டுக் கல் அடுக்கில் போய் இருந்தேன். அடுக்கு வெயிலில் கொதித்துக் கிடந்தது. எழும்ப மனம் வரவில்லை. என் முற்றத்தில் கேட்ட அமைதியை நான் இத்தனை காலமும் ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன். ஒழுங்குதான். அதோடு வேறு ஏதோவும் இருந்திருக்கிறது. அது என்னவென்று பிடித்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளை நேரம், ஆசிரியர்கள் எல்லாரும் ஓய்வறையில் இருந்தார்கள். மேடையில் பேசிப் பழகிய நான் அந்தச் சின்ன அறையில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனிமேல் சொன்னவர்தான் செய்ய வேணும் எண்டில்லை" என்றேன். "ஆரும் எதையும் சொல்லலாம். செய்யிறதை ஆர் செய்யிறது எண்டு பேந்து பாப்பம்."

ஒருவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு விஞ்ஞான சேர், "அப்ப முதலாளி, இந்த முறை தாங்கி கழுவுறது ஆர்?" என்றார்.

"நான் ஆள் விடுறன்."

"ஆள் வேண்டாம், நீங்களே இறங்குங்கோ. உள்ளுக்கை நல்ல குளிர்" என்றார் சங்கீத ரீச்சர். அறை முழுக்கச் சிரித்தது. என்னை வைத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிக்கட்டும் என்று நின்றேன். நிற்காமல் என்ன செய்வது?

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதிபர் அம்மா மண்டபத்தைத் திறக்கவில்லை. கதிரைகளைத் தகரக் கொட்டிலுக்கு எடுப்பித்தார். தேத்தண்ணியையும் வடையையும் முதலிலேயே கொடுத்துவிட்டார். நான் ஒரு கதிரையை இழுக்கப் போனேன்.

"முதலாளி, நீங்கள் கந்தோருக்கை இருங்கோ" என்றார். "முடிஞ்ச உடனை வந்து சொல்லுறம்."

என் கல்லால் எழும்பிய பள்ளிக்கூடத்தில், என்னை வெளியே இரு என்று சொல்லிவிட்டார். வேறொருவர் சொல்லியிருந்தால் லொறியைக் கொண்டு வந்து என் கல்லைக் கழற்றிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் போய் அந்த மணிக்கூட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். கால் வலித்தது. யன்னல் வழியே குரல்கள் வந்தன, சொற்கள் வரவில்லை. சங்கீத ரீச்சரின் குரல் மட்டும் எல்லாருக்கும் மேலே எழும்பி இறங்கியது. ஒருமுறை பெரிய வாக்குவாதம் கேட்டது. ஒருமுறை யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மூடுவோம் என்றுதான் சொல்லப் போகிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தென்மராட்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மேல் என்ன கடமை? என் பிள்ளைகளையே நான் பட்டணத்துக் கல்லூரியில்தான் படிப்பித்தேன்.

வடக்குச் சுவரில் பழைய அதிபர்களின் படங்கள் இருக்கின்றன. என்னை ஐந்தாம் வகுப்பில் படிப்பித்தவரின் படமும் அங்கே இருக்கிறது. என்னைப் படிப்பிலிருந்து நிற்பாட்டிய அன்று அவர் எங்கள் வீட்டு வாசல் படலை வரை வந்து, அப்பாவோடு கதைத்துவிட்டுத் திரும்பிப் போனார். என்ன கதைத்தார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அந்தக் கதிரையில் இருந்து யோசித்துப் பார்த்தேன்.

பொழுது சாய்கிற நேரம் அதிபர் அம்மா உள்ளே வந்தார். பின்னால் விஞ்ஞான சேரும் கணக்கு ரீச்சரும் வந்தார்கள். கணக்கு ரீச்சரின் கண்கள் சிவந்திருந்தன. கைக்குழந்தைக்காரி, குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டுத் தென்மராட்சியிலிருந்து வருகிறவர்.

"முதலாளி, நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது" என்றார் அவர்.

"சொல்லுங்கோ பிள்ளை."

"முதல் பாடம் கணக்கு. நான் ஏறுற பஸ் மணி அடிச்சாப் பிறகுதான் சந்திக்கு வரும். அதுக்கு முதல் பஸ் இல்லை. நான் ஓடி வந்து சேர அரைவாசிப் பாடம் போயிடும். ஒவ்வொரு நாளும். பிள்ளையள் சும்மா இருக்கிறது. கணக்குச் சரியில்லை எண்டுதான் தாய்தகப்பன் பிள்ளையளைப் பட்டணத்துக்கு மாத்தினவை. இதுதான் நடந்தது."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

அவருக்காக விஞ்ஞான சேர் சொன்னார்: "சொன்னா, அப்ப நீயே புது நேரசூசி போடு எண்டிருப்பியள் முதலாளி. நேரசூசி போடுறவருக்கு இந்தப் பள்ளிக்கூடத்திலை ஒரு கூட்டாளியும் மிஞ்சாது. தாங்கி பரவாயில்லை, கழுவிப்போட்டுக் குளிக்கலாம்."

எனக்குத் தெரியும், ஊரில் எல்லாரும் கணக்குச் சரியில்லை என்றார்கள். நானும் சொன்னேன். காலையில் வாசல் தூணடியில் நின்று, அந்தப் பிள்ளை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தியிலிருந்து ஓடி வருவதைப் பார்த்து, அவர் பார்க்கும்படியாகக் கைமணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். முந்திய அதிபரிடம் முறைப்பாடும் செய்திருக்கிறேன். கணக்கு காலையில்தான் படிப்பிக்க வேண்டும் என்று இப்போதும் சொல்வேன், அதில் மாற்றமில்லை. பஸ் வராததற்கு நான் என்ன செய்வது? ஆனால் அதை அப்போது சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையின் செருப்பு வார் அறுந்து, ஊசியால் குத்திக் கோத்திருந்தது. ஓடி ஓடி அறுந்தது.

"என்ன முடிவு?" என்று அதிபர் அம்மாவைக் கேட்டேன்.

அவர் சொன்னார். பதினோராம் வகுப்பு வரை வைத்திருப்பது. சங்கீதம், சித்திரம், உடற்பயிற்சிக்கு இரண்டு வகுப்புகளைச் சேர்த்து எடுப்பது. தூரத்திலிருந்து வருகிற இரண்டு பேர் மாற்றம் கேட்பார்கள். அதை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. கணக்கு ரீச்சரும் மாற்றம் கேட்கிறவர்தான். ஆனால் இப்போது படிக்கிற பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதி முடியும் வரை நிற்பார். கணக்கு முதல் பாடமாக இருக்கக் கூடாது. நேரசூசியை ஒருவர் தலையில் கட்டாமல் எல்லாரும் சேர்ந்து இருந்து போடுவார்கள்.

மூடச் சொல்லவில்லை. அதைக் காதில் வாங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"மண்டபத்துக்கு நடுவிலை ஒரு தடுப்புச் சுவர் வேணும்" என்றார் அதிபர் அம்மா. "ஒரு வகுப்பின்ரை சத்தத்துக்கு மற்ற வகுப்புக்குப் பாடம் கேக்குதில்லை. கல்லு நீங்கள் தருவியள் எண்டு எல்லாரும் சொன்னவை."

"தருவன். கந்தோருக்கும் நானே போறன், நாளைக்கே..."

"கந்தோருக்கு நானும் கணக்கு ரீச்சரும் போறம்."

"நான் வராமலோ?"

"ஓம். எப்பிடிப் படிப்பிக்கப் போறியள் எண்டுதானே கேப்பினம். படிப்பிக்கிற ஆள் சொல்லட்டும்."

கதவடியில் நின்ற சங்கீத ரீச்சர் மிச்சத்தைச் சொன்னார். "இன்னொண்டும் இருக்கு. அம்மா சொல்ல மாட்டா, நான் சொல்லுறன். எங்கடை கூட்டத்துக்கு முதலாளி கூப்பிட்டா மட்டும் வந்தாக் காணும்."

இந்த வயதில், அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, நான் "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? நான் கேட்டது பள்ளிக்கூடம் நிற்க வேண்டும் என்று. நிற்கிறது. நான் நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகள் என்ன நடந்தது என்று கேட்டாள். சுவர் கட்டுகிறார்கள் என்றேன்.

வலயக் கந்தோரில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு வருடம் பார்ப்போம், பிள்ளைகள் கூடாவிட்டால் மறுபடியும் கதைப்போம் என்று பதில் வந்ததாக அதிபர் அம்மா சொன்னார். ஒரு வருடம் என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு பதினோராம் வகுப்பு இந்த ஊரிலேயே பரீட்சை எழுதிவிடும்.

சுவருக்குக் கல் அனுப்பினேன். மேசன் போய்க் கட்டிவிட்டு வந்தார். வழக்கமாக என் பெயர் போட்ட பலகையைக் கேட்பார்கள். இந்தமுறை ஒருவரும் கேட்கவில்லை, நானும் அனுப்பவில்லை. என் முற்றத்தில் கல் காயப்போடுகிற இடம் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. மறுபடியும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் மேசன், வடக்குப் பக்கம் வேண்டாம், அங்கே மாரியில் தண்ணீர் நிற்கும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுக்கச் சொல்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

புது நேரசூசி தொடங்கிய அன்று, பழக்கத்தில், காலையில் வாசல் தூணடியில் போய் நின்றேன். மணி அடித்தது. உள்ளே தமிழ்ப் பாடம் தொடங்கிவிட்டது, மண்டபத்தின் அந்தப் பக்கத்துக் குரல் இந்தப் பக்கம் கேட்கவில்லை. சுவர் நல்ல சுவர். கொஞ்ச நேரத்தில் பஸ் சந்தியில் வந்து நின்றது. கணக்கு ரீச்சர் இறங்கினார். கை என்னையறியாமல் மணிக்கூட்டுப் பக்கம் போனது, பிறகு நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஓடவில்லை. குடையை விரித்துக்கொண்டு, ஒழுங்கையின் நிழல் பக்கமாக மெல்ல நடந்து வந்தார். அந்தப் பிள்ளை நடப்பதை நான் அதற்கு முதல் பார்த்ததே இல்லை.

"என்ன முதலாளி, இண்டைக்கும் காவலோ?" என்றார்.

"இல்லைப் பிள்ளை. இந்தப் பக்கத்தாலை போனனான், நிண்டனான்."

"வெய்யில் ஏறுது. வீட்டை போங்கோ" என்றுவிட்டு உள்ளே போனார்.

இன்னும் கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.